கைக்கு ஒரு பரீட்சை

"மார்க்கு எவ்வளவு?" என்ற கேள்வியைக் கேட்காத வீடு தமிழ்நாட்டில் இருக்குமென்று நாம் நினைக்கவில்லை. பரீட்சை முடிவு வெளியாகும் தினத்தில் தகப்பனார் கேட்கிறார். அடுத்த வீட்டு மாமி கேட்கிறார். கலியாண வீட்டில் சந்திக்கும் தூரத்து உறவினரும் கேட்கிறார். தொழிற் கல்லூரியில் படிக்கும் பிள்ளையும் இந்தக் கேள்விக்குத் தப்புவதில்லை. எண்பது என்று பதில் வந்தால் வீட்டில் பாயசம். முப்பத்தெட்டு என்று வந்தால் மௌனம்.

ஆனால், "அந்த எண்பது மார்க்கைக் கொண்டு உன் கை என்ன செய்யும்?" என்று கேட்பவர்கள் மிகச் சிலர். அந்தக் கேள்வி பிற்பாடு ஒரு நாள் தொழிற்சாலையின் வாசலில் கேட்கப்படுகிறது. அங்கே மார்க்குப் பட்டியலைப் பார்த்துவிட்டு மடித்து வைக்கிறார்கள். யந்திரத்தின் முன் நிறுத்தி, "இதை அளந்து சொல்லு" என்கிறார்கள். எண்பது மார்க்கு வாங்கிய பிள்ளை அப்போது திகைத்து நின்றால் குற்றம் யாருடையது? பிள்ளையுடையதா, உபாத்தியாயருடையதா, பாடத்திட்டம் வகுத்தவர்களுடையதா, அல்லது பரீட்சையினுடையதா?

இந்த விஷயத்தை ஆராய்வதற்கு ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்தைக் காட்டிலும் பொருத்தமான இடம் நம் நாட்டில் அகப்படுவது அரிது. கல்லூரிக்கும் தொழிற்சாலைக்கும் நடுவே அங்கே சில கிலோமீட்டர் தூரந்தான் உண்டு. அந்தச் சில கிலோமீட்டரைக் கடப்பதற்குள் எத்தனையோ பிள்ளைகள் இளைத்துப் போகிறார்கள்.

எல்லையில் எழுந்த தொழிற்பேட்டை

பெங்களூரிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர் தூரத்தில், சமுத்திர மட்டத்துக்கு ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது ஓசூர். அதன் குளிர்ச்சியைக் கண்டு வெள்ளைக்காரர்கள் அதைக் 'குட்டி இங்கிலாந்து' என்று அழைத்ததுண்டு. பழைய சேலம் ஜில்லாவில் இருந்த இந்தப் பிரதேசம் 1965-இல் தருமபுரி ஜில்லாவுக்குப் போயிற்று. 2004-இல் கிருஷ்ணகிரி தனி ஜில்லாவாயிற்று. ஓசூர் 2019-இல் மாநகராட்சியாயிற்று. ராகியும் கொள்ளும் விளைந்த வானம் பார்த்த பூமியில், 1971-இல் ஏற்பட்ட சிப்காட் நிறுவனம் தொழிற்பேட்டை அமைத்தது. அதிலிருந்துதான் மாறுதல் துவங்கிற்று.

1980-இல் இங்கிருந்து டி.வி.எஸ். 50 என்னும் சிறு மோட்டார் வண்டி வெளியே வந்தது. பால்காரரும் காய்கறி வியாபாரியும் ஏறிச் சென்ற அந்த வண்டியை அறியாத தமிழர் இல்லை. அதே வருஷத்தில் அசோக் லேலண்டு கம்பெனி இங்கே தொழிற்சாலை திறந்தது. டாட்டா நிறுவனமும் தமிழ்நாடு சர்க்காரின் டிட்கோவும் கூட்டாக 1984-இல் ஏற்படுத்திய டைட்டன் கம்பெனியின் கடிகாரத் தொழிற்சாலையும் ஓசூரில்தான் அமைந்தது. அதற்காகப் பள்ளிப் படிப்பை அப்போதுதான் முடித்திருந்த கிராமத்து இளைஞர்களைத் தேர்ந்தெடுத்துக் கடிகாரம் பூட்டக் கற்றுக் கொடுத்தார்கள். ஏர் பிடித்த குடும்பத்துப் பிள்ளைகள் மயிரிழைபோன்ற வில்லையும் கடுகளவு திருகாணியையும் கையாளத் தேர்ந்தார்கள். கிராமத்துக் கைக்கு நுட்பம் வராது என்று சொல்பவர்களுக்கு அந்தத் தொழிற்சாலை அன்றே விடையளித்துவிட்டது.

சமீப காலத்தில் காட்சி மறுபடியும் மாறியிருக்கிறது. மின்சார ஸ்கூட்டர் செய்யும் ஏதர் கம்பெனி 2021-இல் ஓசூருக்கு வந்தது. அதே வருஷம் போச்சம்பள்ளியில் ஓலா கம்பெனியின் பெரிய தொழிற்சாலை உற்பத்தியைத் துவங்கிற்று. ஓசூரை அடுத்த டாட்டா எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் கைப்பேசிக்குரிய பாகங்கள் தயாராகின்றன. அங்கே வேலை செய்வோரில் பெரும்பாலோர் பெண்கள். கிருஷ்ணகிரியில் அரசினர் பாலிடெக்னிக், பர்கூரில் 1994-இல் ஏற்பட்ட அரசினர் பொறியியற் கல்லூரி, ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் தொழிற்பயிற்சி நிலையங்கள், இவை தவிரத் தனியார் கல்லூரிகள் பல. ஆகவே படிக்கவும் இடமுண்டு, வேலைக்கும் இடமுண்டு. இரண்டையும் இணைக்கும் பாலம் பாடத்திட்டமும் பரீட்சையுந்தான்.

பழைய விவாதம் இரண்டு

தொழிற்கல்வியை எப்படி அமைப்பது என்பது நமக்குப் புதிய விவாதமன்று. கோயமுத்தூர் ஜி. டி. நாயுடு அவர்கள் 1945-இல் அவ்வூரில் ஆர்தர் ஹோப் பெயரால் தொழில்நுட்பக் கல்லூரி ஏற்படுவதற்கு முக்கிய காரணமாயிருந்தார். நான்கு வருஷப் படிப்பில் பாதிக் காலம் வீணாகிறது, இரண்டு வருஷத்தில் சொல்லிக் கொடுத்துவிடலாம் என்பது அவருடைய அபிப்பிராயம். அன்றைய சர்க்கார் இணங்கவில்லை. நாயுடு விலகிக் கொண்டார். இரண்டு வருஷம் போதுமா என்பதில் அபிப்பிராய பேதம் இருக்கலாம். ஆனால், 'எத்தனை வருஷம் உட்கார்ந்தான் என்று பார்க்காதே. என்ன கற்றான் என்று பார்' என்னும் அவருடைய மூலக் கருத்தை மறுப்பதற்கில்லை.

இரண்டாவது விவாதம் ஓசூரோடு நெருங்கிய சம்பந்தமுடையது. ஓசூரை அடுத்த தொரப்பள்ளி கிராமத்தில் 1878-இல் பிறந்து, ஓசூர்ப் பள்ளியிலே படித்தவர் ராஜாஜி. அவர் சென்னை முதன் மந்திரியாக இருந்தபோது 1953-இல், கிராமத்து ஆரம்பப் பள்ளிகளில் வகுப்பு நேரத்தைக் குறைத்து, மீதி நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்கலாம் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தார். அது 'குலக் கல்வி' என்று பெரும் எதிர்ப்புக்கு உள்ளாயிற்று. 1954-இல் காமராஜர் பதவியேற்றபின் திட்டம் கைவிடப்பட்டது.

இதிலிருந்து நாம் கற்க வேண்டிய பாடம் ஒன்று உண்டு. கைவேலையைப் படிப்பில் சேர்ப்பது நன்மையே. 1937-இல் வார்தாவில் காந்தியடிகள் சொன்ன ஆதாரக் கல்வியின் உட்கருத்தும் அதுதான். ஆனால் எந்தப் பிள்ளை எந்தத் தொழிலில் நிற்க வேண்டும் என்பதைப் பிறப்பைக் கொண்டு முன்கூட்டியே தீர்த்துவிடும் கல்வியைத் தமிழ் மக்கள் ஏற்கவில்லை. அப்படியானால், பிறப்புக்குப் பதிலாக ஊருக்குப் பக்கத்திலுள்ள தொழிற்சாலை அதைத் தீர்மானிக்கலாமா? இன்றைய பாடத்திட்டக் கேள்வியின் முள் இங்கேதான் இருக்கிறது.

கார்புரேட்டர் சொல்லும் கதை

தமிழ்நாட்டுப் பாலிடெக்னிக்குகளின் பாடத்திட்டத்தைத் தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் வகுக்கிறது. 2015-இல் ஒன்று, 2020-இல் ஒன்று, 2023-இல் ஒன்று என்று சில வருஷங்களுக்கு ஒரு முறை திருத்தம் வருகிறது. தொழிற்சாலையோ பாடத்திட்டத்தைக் கேட்டுக்கொண்டு மாறுவதில்லை.

மோட்டார் வண்டியில் பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கருவிக்குக் கார்புரேட்டர் என்று பெயர். அதன் படத்தை வரைந்து பாகங்களைக் குறித்தால் நல்ல மார்க்கு கிடைக்கும். பல தலைமுறை மாணாக்கர் அதை வரைந்திருக்கிறார்கள். 2020-ஆம் வருஷம் ஏப்ரல் முதல் தேதி புகைக் கட்டுப்பாட்டு விதி பி.எஸ். 6 நாடெங்கும் அமலுக்கு வந்ததும், புது இருசக்கர வண்டிகளில் பெரும்பாலானவற்றிலிருந்து கார்புரேட்டர் விடைபெற்றது. பெட்ரோலைத் துளித்துளியாகத் தெளிக்கும் மின்னணு முறை அதனிடத்தில் வந்தது. டி.வி.எஸ். 50-இன் வழிவந்த எளிய எக்ஸ்.எல். வண்டிக்குக்கூட அது வந்துவிட்டது. அந்த வருஷமே டி.வி.எஸ். கம்பெனி மின்சார ஸ்கூட்டரையும் வெளியிட்டது. அதில் பெட்ரோலும் இல்லை, கலக்குவதற்குக் காற்றும் வேண்டியதில்லை. 2019-இல் கார்புரேட்டர் படம் வரைந்து தேறிய பிள்ளையின் நிலைமையை நேயர்கள் ஊகித்துக் கொள்ளலாம்.

இதற்குச் சிலர் சொல்லும் பரிகாரம் சுலபமானது: 'தொழிற்சாலை இன்று எதைக் கேட்கிறதோ அதையே கற்பித்து விடுங்கள்.' நாம் இதை ஒப்புக்கொள்ளத் தயங்குகிறோம். இன்றைய யந்திரத்தின் பொத்தானை மட்டும் அறிந்த பிள்ளை, அந்த யந்திரம் போகும்போது அதனுடன் தானும் போவான். தொழிற்சாலைக்கு வேண்டியது இந்த வருஷத்துக்குரிய கை. குடும்பத்துக்கு வேண்டியதோ பதினெட்டு வயதிலிருந்து ஐம்பத்தெட்டு வயது வரையில் சோறு போடக்கூடிய கை.

பெட்ரோல் வண்டியிலிருந்து மின்சார வண்டிக்குப் போகும்போது எவை மாறுகின்றன, எவை மாறவில்லை என்று கணக்கெடுத்துப் பாருங்கள். என்ஜின், கார்புரேட்டர், புகைக் குழாய் போயின. பாட்டரி, மோட்டார், அதை ஆளும் மின்னணுப் பெட்டி வந்தன. உயர்ந்த மின்னழுத்தத்தில் ஆபத்தில்லாமல் வேலை செய்யும் முறையைப் புதிதாகக் கற்க வேண்டும். ஆனால் பிரேக் இருக்கிறது, பேரிங் இருக்கிறது, சட்டம் இருக்கிறது, ஒயர் வரைபடம் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, பிசகில்லாமல் அளப்பது, படத்தைப் படித்துப் பொருளை மனத்தில் காண்பது, பழுது எங்கே என்று ஒன்றன்பின் ஒன்றாகச் சோதித்துத் தேடுவது ஆகிய மூன்றும் அப்படியே இருக்கின்றன. நல்ல பாடத்திட்டம் இம்மூன்றையும் அஸ்திவாரமாக வைக்கும்; மாறுபவற்றை மேல் மாடியாகக் கட்டும். மேல் மாடியை நாலு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றிக் கட்டினாலும் வீடு விழாது.

மேல் மாடியை வகுப்பதற்கு யாரைக் கேட்பது? கானடாவிலும் அமெரிக்காவிலும் 1960-க்குப் பின் பரவிய 'டாகம்' என்னும் முறையை இங்கே குறிப்பிடலாம். ஒரு தொழிலில் கைதேர்ந்த தொழிலாளிகள் பத்துப் பேர் வரையில் ஓர் அறையில் உட்கார்கிறார்கள். "காலையில் வேலைக்கு வந்ததும் என்ன செய்கிறீர்கள்? பிறகு என்ன? எதில் அடிக்கடி தவறு நேரும்?" என்று ஒருவர் கேட்கிறார். அவர்கள் சொல்வதை ஒவ்வொரு சீட்டில் எழுதிச் சுவரில் ஒட்டுகிறார்கள். இரண்டு நாளில் அந்தச் சுவரே அந்தத் தொழிலின் வரைபடமாகிவிடுகிறது. மானேஜரைக் கேட்டால் எது நடக்க வேண்டும் என்பதைச் சொல்வார். தொழிலாளியைக் கேட்டால் எது நடக்கிறது என்பதைச் சொல்வார். ஓசூரில் இத்தகைய அனுபவஸ்தர்களுக்குப் பஞ்சமே கிடையாது. 1980-இலும் 1987-இலும் இளைஞர்களாகச் சேர்ந்தவர்கள் இப்போது ஓய்வுபெற்று அதே ஊரில் வீடு கட்டிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களை வருஷத்தில் இரண்டு நாள் கல்லூரிக்கு அழைப்பதற்குப் பெரிய செலவு ஒன்றும் ஆகாது.

பத்தும் பத்தும்

பாடத்திட்டம் எவ்வளவு நன்றாக இருந்தாலும், மாணாக்கர் படிப்பது பாடத்திட்டத்தையல்ல, பரீட்சையைத்தான். இது உலக அனுபவம். எதற்கு மார்க்கு உண்டோ அதைப் படிப்பார்கள்; எதற்கு இல்லையோ அதை விடுவார்கள். ஆகையால் பரீட்சையின் விதிகளைக் கூர்ந்து பார்க்க வேண்டியிருக்கிறது.

2015-ஆம் வருஷப் பாடத்திட்டத்தில் பட்டறைச் செய்முறைப் பாடத்துக்கு மொத்தம் நூறு மார்க்கு. அதில் பருவம் முழுவதும் செய்த வேலைக்காகக் கல்லூரியே அளிப்பது 25. அந்த 25 எப்படிப் பிரிந்தது தெரியுமா? வகுப்புக்கு வந்ததற்கு 5. செய்முறை, கவனிப்பு, அட்டவணை முதலியவற்றுக்கு 10. 'ரெக்கார்டு' நோட்டு எழுதியதற்கு 10. அதாவது, கை செய்ததற்குப் பத்து, அதைப் பேனா எழுதியதற்கும் பத்து! ரெக்கார்டு நோட்டு எப்படி எழுதப்படுகிறது என்பது கல்லூரியில் படித்த எல்லோருக்கும் தெரிந்த இரகசியம். சென்ற வருஷத்து அண்ணனின் நோட்டு இந்த வருஷத்துத் தம்பியின் நோட்டாகிறது. அண்ணன் எழுத்துப் பிழை விட்ட இடத்தில் தம்பியும் பக்தியுடன் பிழை விடுகிறான்.

ரெக்கார்டு எழுதுவது கூடாதென்று நாம் சொல்லவில்லை. தான் செய்ததைத் தானே எழுதி வைப்பது தொழிலாளிக்கு வேண்டிய நல்ல பழக்கம். தொழிற்சாலையிலும் ஒவ்வொரு ஷிப்டிலும் எழுதத்தான் வேண்டும். ஆனால் அந்த எழுத்து அன்றைய அளவை, அன்றைய தவறை, அதைத் திருத்திய விதத்தைச் சொல்ல வேண்டும். அப்படி எழுதினால் ஒருவருடைய நோட்டை மற்றொருவர் காப்பியடிக்க இயலாது. ஏனெனில் இருவருடைய தவறுகளும் ஒன்றாக இருக்க மாட்டா.

2023-ஆம் வருஷத்துப் புதிய விதிகள், பாடத்தின் முடிவில் மாணாக்கர் என்ன செய்யக் கூடியவராக வேண்டும் என்பதை முன்னால் நிறுத்தி அமைக்கப்பட்டிருக்கின்றன. இது வரவேற்கத் தக்கது. எனினும் விதி மாறுவது சுலபம்; வழக்கம் மாறுவது கஷ்டம். ஒரு யந்திரத்தைச் சுற்றிப் பல மாணாக்கர் நிற்கும் பட்டறையில், ஒவ்வொருவருடைய கையையும் கவனித்து மார்க்குப் போட உபாத்தியாயருக்கு நேரம் வேண்டும். நேரம் இல்லாவிட்டால் அவர் மறுபடியும் நோட்டைத்தான் புரட்டுவார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை.

தொழிற்பயிற்சி நிலையங்களிலும் இதே கதைதான். தமிழ்நாட்டில் 71 அரசினர் தொழிற்பயிற்சி நிலையங்களை டாட்டா டெக்னாலஜீஸ் கம்பெனியுடன் சேர்ந்து 2,877 கோடி ரூபாய்த் திட்டத்தில் சர்க்கார் புதுப்பித்திருக்கிறது. புது யந்திரங்கள் வந்திருக்கின்றன, சந்தோஷம். பரீட்சையும் அந்த யந்திரத்தின் முன்னால் நடந்தால்தான் அந்தப் பணம் பிள்ளைகளின் கைக்குள் போய்ச் சேரும்.

ஓர் இரும்புத் தண்டும் மூன்று கேள்விகளும்

நல்ல பரீட்சை எப்படியிருக்கும் என்று கேட்கலாம். அதற்கு ஓர் உதாரணம் சொல்வோம்.

மைக்ரோமீட்டர் என்பது ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கை அளக்கும் கருவி. 'மைக்ரோமீட்டரின் படம் வரைந்து பாகங்களை விவரி' என்பது பழைய மாதிரிக் கேள்வி. கருவியைத் தொட்டே அறியாத பிள்ளையும் இதற்கு முழு மார்க்கு வாங்கிவிட முடியும்.

இப்போது வேறு விதமாகக் கேட்போம். லேத்தில் கடைந்த ஓர் எஃகுத் தண்டைக் கையில் கொடுத்து, "இதன் குறுக்களவைச் சொல்" என்கிறோம். கெட்டிக்காரப் பிள்ளை முதலில் தண்டைத் துடைப்பான். கருவியை மூடிப் பார்த்து, பூஜ்யம் பூஜ்யத்தில் நிற்கிறதா என்று சோதிப்பான். பலங்கொண்ட மட்டும் திருகாமல், கடைசியில் 'கிறிக் கிறிக்' என்று ஓசை எழுப்பும் ராச்செட்டைத் திருப்புவான். ஓரிடத்தில் அளந்து நிறுத்தாமல் இரு முனையிலும் நடுவிலும் அளப்பான். தண்டைக் கால் சுற்றுத் திருப்பி மறுபடியும் அளப்பான். இதெல்லாம் முதற் கேள்வி. இதற்கு வாய் திறக்கவே வேண்டியதில்லை.

இரண்டாவது கேள்வி: "ஒரு முனையில் அளவு கூடியிருக்கிறதே, ஏன்?" லேத்தின் டெயில்ஸ்டாக் மையத்திலிருந்து விலகியிருக்கலாம் என்று அவன் சொன்னால், அளவிலிருந்து காரணத்துக்குப் போகும் வழி அவனுக்குத் தெரிந்துவிட்டது.

மூன்றாவது கேள்வி: "தண்டை வெகு நேரம் உள்ளங்கையில் பிடித்துக்கொண்டிருந்தாயே, அதனால் ஏதாவது வித்தியாசம் உண்டா?" எஃகு சூட்டினால் விரியும். 100 மில்லிமீட்டர் எஃகு பத்து டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 0.011 மில்லிமீட்டர் வளர்கிறது. மைக்ரோமீட்டரின் ஒரு கோட்டுக்கு அது சமானம். சிறு தண்டுக்குக் கவலையில்லை. பெரிய பாகத்துக்குக் கவலையுண்டு. அதனால்தான் உலக முழுவதும் நுட்பமான அளவுகளுக்கு 20 டிகிரியை ஆதாரமாக வைத்திருக்கிறார்கள். இதைச் சொல்லும் பிள்ளைக்குப் பௌதிக வகுப்பும் பட்டறையும் மனத்தில் ஒன்றாகிவிட்டன என்று அர்த்தம்.

இந்தப் பரீட்சைக்குப் பத்து நிமிஷம் போதும். துடைத்ததற்கு ஒன்று, பூஜ்யம் பார்த்ததற்கு ஒன்று, அளந்த முறைக்கு இரண்டு, சரியான அளவுக்கு மூன்று, காரணம் சொன்னதற்கு மூன்று என்று முன்கூட்டியே எழுதி, மாணாக்கரிடமும் காட்டிவிடலாம். வினாத்தாள் வெளியாகிவிட்டதே என்று யாரும் பயப்பட வேண்டியதில்லை. கையால் செய்ய வேண்டியதைத் திருட்டுத்தனமாகப் படிக்க முடியாது, பழகித்தான் தீரவேண்டும்.

மூவர் தீர்ப்பு

ஜர்மனி தேசத்தில் தொழில் பயில்பவர்கள் வாரத்தில் சில நாள் பள்ளியிலும் மற்ற நாட்கள் தொழிற்சாலையிலும் கற்கிறார்கள். 1969-இல் அவர்கள் இயற்றிய சட்டப்படி, பரீட்சைக் குழுவில் முதலாளிகளின் பிரதிநிதி, தொழிலாளரின் பிரதிநிதி, தொழிற்பள்ளி உபாத்தியாயர் ஆகிய மூவகையாரும் இருக்க வேண்டும். ஒருவர் மட்டும் தராசைப் பிடிக்கக் கூடாது என்பது கருத்து.

அவ்வளவு தூரம் போகவும் வேண்டியதில்லை. படிப்பை நடுவில் விட்டவர்களுக்கும் ஏழைப் பெண்களுக்கும் என்று 1995-இல் புதுச்சேரியிலும் 1996-இல் சென்னையிலும் சமுதாயக் கல்லூரிகள் துவங்கின. சேவியர் அல்போன்ஸ் அடிகளார் போன்றவர்களின் முயற்சியால் அவை தமிழ்நாடெங்கும் பரவின. தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் அவற்றுக்கு அங்கீகாரமும் அளித்தது. அக்கல்லூரிகளின் முறையில் உபாத்தியாயர் மட்டுமன்றி, பயிற்சி பெற்ற இடத்தின் மேற்பார்வையாளரும் மாணாக்கரை மதிப்பிடுகிறார். மாணாக்கர் தம்மைத் தாமே மதிப்பிடவும் இடமுண்டு. பெரிய கல்லூரிகள் இந்தச் சிறிய கல்லூரிகளிடம் கற்கவேண்டிய பாடம் இது.

ஓசூர்ப் பக்கத்துக்கு இது மிக அவசியம். 1961-ஆம் வருஷத்து அப்ரெண்டிஸ் சட்டப்படி பயிற்சி பெறுபவர் மாணாக்கரைப் போன்றவர். அவரைக் குறைந்த உதவித்தொகையில் வருஷம் முழுவதும் ஒரே திருகாணியை முடுக்க வைத்துவிட்டு, 'பயிற்சி பூர்த்தி' என்று எழுதிக் கொடுத்தால் அது பயிற்சியாகாது. மாதந்தோறும் புதிதாக எதைக் கற்றார் என்பது புத்தகத்தில் பதியப்பட வேண்டும். கல்லூரி உபாத்தியாயர் நேரில் சென்று பார்க்க வேண்டும். பயில்பவரும் தம் வார்த்தையில் எழுத வேண்டும். மூன்றும் ஒத்துப் போனால் நல்லது. ஒத்துப் போகாவிட்டால் அதுவே எச்சரிக்கை.

முக்கியமாகப் பெண்களை உத்தேசித்து இதைச் சொல்கிறோம். அரசினர் பள்ளியில் படித்து மேற்படிப்புக்கும் தொழிற்பயிற்சிக்கும் செல்லும் பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் அளிக்கும் 'புதுமைப் பெண்' திட்டம் 2022-இல் துவங்கிற்று. ஜில்லாவின் தொழிற்சாலைகள் ஆயிரக்கணக்கான பெண்களுக்கு வேலை கொடுத்திருக்கின்றன. இந்தப் பெண்கள் சில வருஷம் சம்பாதித்துவிட்டு வீடு திரும்பும்போது, சம்பளத்தோடு தொழிலையும் கொண்டு திரும்ப வேண்டாமா? என்ன தெரியும் என்பதற்கு ஒரு நம்பகமான அத்தாட்சி கையில் இருந்தால்தான் மற்றொரு வாசலை அவர்கள் தட்ட முடியும்.

எந்த மொழியில் தெரிந்தால் என்ன?

எல்லைப் பிரதேசத்துக்கு மற்றொரு விசேஷம் உண்டு. தளி, கெலமங்கலம், தேன்கனிக்கோட்டை, பாகலூர் முதலிய இடங்களில் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ உருதுவோ பேசும் குடும்பங்கள் ஏராளம். அந்தப் பிள்ளை கடைவீதியில் தமிழ் பேசுகிறான். கல்லூரியில் இங்கிலீஷ் புத்தகத்தைப் புரட்டுகிறான். வேலைக்கு அத்திப்பள்ளியைத் தாண்டிப் போனால் மறுபடியும் கன்னடம். மூன்று மொழியில் வாழத் தெரிந்தவனைக் கெட்டிக்காரன் என்றல்லவா சொல்ல வேண்டும்? எழுத்துப் பரீட்சையிலோ அவன் மந்தமானவனாகக் காணப்படுகிறான்.

பாலிடெக்னிக் வினாத்தாள்களில் இங்கிலீஷுடன் தமிழ் வடிவமும் சேர்ந்து வருவது பேருதவி. ஆயினும் செய்முறையிலும் வாய்மொழியிலும் பரீட்சை அதிகமாகும் அளவுக்கு மொழித் தடை குறையும். பேரிங் தேய்ந்திருக்கிறது என்பதை ஒருவன் எந்த மொழியில் சொன்னாலும் பேரிங் தேய்ந்துதான் இருக்கிறது!

தொழில் என்றால் மோட்டாரும் மின்னணுவும் மட்டுமல்ல என்பதையும் மறக்கலாகாது. கிருஷ்ணகிரி ஜில்லா மாம்பழத்துக்குப் பேர்போனது. பெங்களூரா என்னும் கிளிமூக்கு மாங்காய் கூழாகி அயல் நாடுகளுக்குச் செல்கிறது. ஓசூர்ப் பசுமைக் குடில்களில் ரோஜா மலர்கிறது. கருங்கல் பாளங்கள் பளபளப்பாக்கப்படுகின்றன. மாங்கூழின் இனிப்பையும் புளிப்பையும் அளந்து சொல்லவும், பசுமைக் குடிலின் நீரையும் உரத்தையும் கட்டுப்படுத்தவும் கற்ற கைகளுக்கு அந்தந்த ஊரிலேயே வேலை உண்டு. அளப்பது, காரணம் தேடுவது என்னும் அதே அஸ்திவாரம் இங்கும் செல்லுபடியாகும்.

பெற்றோர் செய்யக் கூடியது

சர்க்காரும் கல்லூரியும் தொழிற்சாலையும் செய்ய வேண்டியவை இவை. வீட்டிலுள்ளவர்களும் செய்யக் கூடியது உண்டு. தொழிற்கல்லூரியில் பிள்ளையையோ பெண்ணையோ சேர்க்கப் போகும்போது கட்டணம் எவ்வளவு, ஹாஸ்டல் சோறு எப்படி என்று விசாரிக்கிறோம். அத்துடன் நான்கு கேள்விகள் சேர்த்துக் கேட்போம். வாரத்தில் எத்தனை மணி நேரம் என் குழந்தை யந்திரத்தைத் தொடும்? ஒரு யந்திரத்துக்கு எத்தனை பேர்? செய்முறைக்கு மார்க்குப் போடுபவர் வேலையைப் பார்த்துப் போடுகிறாரா, நோட்டைப் பார்த்துப் போடுகிறாரா? தொழிற்சாலைப் பயிற்சிக்கு அனுப்பும்போது அங்கே கற்பதை யார் போய்ப் பார்க்கிறார்கள்? இந்த நான்கையும் பத்துப் பெற்றோர் கேட்டால் கல்லூரித் தலைவர் சிரித்துவிட்டு விடுவார்; ஐந்நூறு பெற்றோர் கேட்டால் யோசிப்பார்.

பரீட்சை முடிவு வரும் தினத்தில் "மார்க்கு எவ்வளவு?" என்று கேட்பதை நாம் நிறுத்தச் சொல்லவில்லை, அவ்வளவு பெரிய சீர்திருத்தத்துக்கு நமக்குத் துணிச்சல் இல்லை. அதைக் கேட்டுவிட்டு, வீட்டில் ஓடாமல் கிடக்கும் மின்விசிறியைக் காட்டி, "இதில் என்ன கோளாறு என்று கொஞ்சம் பாரேன்" என்று சொல்லுங்கள். ஸ்விட்சை அணைத்துவிட்டுத்தான் பிள்ளை அதைத் தொடுகிறானா என்பதையும் கவனியுங்கள். மார்க்குப் பட்டியல் சொல்லாத பல விஷயங்களை அந்தக் கால் மணி நேரம் சொல்லிவிடும்.